வீடு கேட்டா எந்தக் கதவைத் தட்டணும்? வட சென்னையின் குடியிருப்புச் சிக்கல் - முழு விளக்கம்

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை. திருவொற்றியூர் கிராமத் தெருவில் இருந்த குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. அந்த பிளாக்கில் 24 வீடுகள். சுவரில் விரிசல் விட்டதைக் கவனித்த மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அலமாரி, சிலிண்டர், பிள்ளைகளின் புத்தகம், சர்டிபிகேட் எல்லாம் மண்ணுக்குள் போனது.

கட்டடம் 1993இல் கட்டப்பட்டது. அதாவது, இடியும்போது அதன் வயது 28. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருடைய வயது.

அதே வட சென்னையில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பிராட்வே பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் போனால் இன்னொரு காட்சி. என்.எஸ்.சி. போஸ் சாலை, வால்டாக்ஸ் சாலை ஓரங்களில் கடை ஷட்டர் இறங்கிய பிறகு பாய் விரிகிறது. நேற்று ஊரிலிருந்து வந்தவர்கள் அல்ல இவர்கள். தாத்தா காலத்திலிருந்து அதே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் நிறைய.

ஒரு பக்கம் அரசு கொடுத்த வீடு இடிகிறது. இன்னொரு பக்கம் வீடே கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் யார் பொறுப்பு? 'மாநகராட்சி என்ன பண்ணுது?' என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். ஆனால் சென்னையில் ஏழைக்கு வீடு கட்டித் தருவது மாநகராட்சியின் வேலையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

யார் என்ன செய்கிறார்கள்?

வட சென்னையின் துறைமுகம், தொழிற்சாலைப் பகுதிகள் பெரும்பாலும் மாநகராட்சியின் மூன்று மண்டலங்களில் வருகின்றன. எண்ணூரையும் சேர்த்து திருவொற்றியூர் மண்டலம் 1. தண்டையார்பேட்டை மண்டலம் 4. ராயபுரம் மண்டலம் 5. திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி. சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் அது மாநகராட்சிக்குள் வந்தது.

இங்கே 'வீடு' என்ற ஒரே தேவைக்கு நான்கு கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பேர் புதுசு, ஆள் பழசு. 1970இல் மு.கருணாநிதி முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம்தான் 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது. வீடு கட்டுவது, ஒதுக்குவது, பழைய பிளாக்குகளை இடித்துத் திரும்பக் கட்டுவது எல்லாம் இவர்கள் கையில். இது மாநில அரசின் அமைப்பு. உங்கள் வார்டு கவுன்சிலருக்கு இதில் சட்டப்படி பெரிய அதிகாரம் கிடையாது.

இரண்டாவது, மாநகராட்சி. வீடற்றோர் காப்பகங்களை நடத்துவது இவர்கள். சாலையோர ஆக்கிரமிப்பை அகற்றுவதும் இவர்கள்தான். அதாவது, இரவில் படுக்க இடம் கொடுக்கும் அதே அமைப்புதான் பகலில் கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லும் அமைப்பும்.

மூன்றாவது, கலெக்டர் ஆபீஸ். பட்டா இங்கேதான். ஆனால் நீர்நிலை, சாலை ஓரம் போன்ற ஆட்சேபகரமான புறம்போக்கில் எத்தனை தலைமுறை இருந்தாலும் பட்டா கிடைக்காது.

நான்காவது, நிலத்தின் சொந்தக்காரர். இது வட சென்னைக்கே உரிய தலைவலி. இங்கே நிலம் துறைமுகத்துடையது, ரயில்வேயுடையது, கோயிலுடையது என்று துண்டு துண்டாக இருக்கிறது. ரயில்வே நிலத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மாநில அரசு நினைத்தாலும் அதே இடத்தில் வீடு கட்டித் தர முடியாது. டெல்லியின் சம்மதம் வேண்டும்.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் என்ன சொல்கிறது தெரியுமா? 1992இல் வந்த அந்தத் திருத்தத்தின் 12ஆவது அட்டவணையில், உள்ளாட்சிகளுக்குத் தரக்கூடிய 18 பணிகள் உண்டு. அதில் குடிசைப் பகுதி மேம்பாடும், நகர்ப்புற வறுமை ஒழிப்பும் இருக்கின்றன. காகிதத்தில் மாநகராட்சியின் வேலை. நடைமுறையில் வாரியத்தின் வேலை. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாமன்றத்தில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் வீடு எங்கே, யாருக்கு என்ற முடிவு வேறு கட்டடத்தில் எடுக்கப்படுகிறது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் குடும்பம். பிராட்வே நடைபாதையில் இருக்கிறார்கள். அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து தெருத் தெருவாக விற்கிறார். 15 வயதில் பையன், 9 வயதில் பெண். இவர்கள் வீடு தேடிக் கிளம்பினால் என்ன ஆகும்?

*காப்பகத்துக்குப் போகலாமா?* மாநகராட்சி காப்பகங்கள் ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. சில அரசு மருத்துவமனை வளாகங்களில், நோயாளிகளுடன் வந்தவர்கள் தங்குவதற்கானவை. முழுக் குடும்பமாகத் தங்கும் காப்பகம் அரிது. அண்ணன் ஓரிடம், அக்காவும் பொண்ணும் ஓரிடம், 15 வயதுப் பையன் இன்னொரு இடம் என்று பிரிய வேண்டும். 'எல்லாரும் ஒண்ணா இருக்கிற பிளாட்பாரமே மேல்' என்று அவர்கள் நினைத்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியுமா?

தனி ஆளாக வீட்டை விட்டு வந்தவர், வயதான காலத்தில் கைவிடப்பட்டவர், மனநலச் சிகிச்சை தேவைப்படுபவர் ஆகியோருக்குக் காப்பகம் உண்மையிலேயே உயிர் காக்கும் இடம். ஆனால் சென்னை நடைபாதையின் சிறப்பு, அங்கே குடும்பங்கள் இருப்பது. அவர்களுக்குத் தேவை படுக்கை அல்ல, கதவுள்ள ஒரு அறை.

*வாரிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?* ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், இந்தியாவில் எங்கும் சொந்தமாக கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் நம் குடும்பத்துக்குப் பொருந்தும். ஆனால் வாரிய வீடுகள் பெரும்பாலும் 'திட்டப் பகுதி' அடிப்படையில்தான் ஒதுக்கப்படுகின்றன. ஆற்றங்கரையை அகலப்படுத்துகிறார்கள், சாலை வருகிறது, பழைய பிளாக்கை இடிக்கிறார்கள் என்றால் அங்கே கணக்கெடுப்பு நடக்கும். அந்தப் பட்டியலில் பேர் இருந்தால் வீடு. பிரிட்டனில் இருப்பது போல, தேவை உள்ளவர்கள் பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருக்கும் பொதுப் பட்டியல் முறை இங்கே வேரூன்றவில்லை.

சிம்பிளா சொன்னா, வெளியேற்றப்படும் அளவுக்கு ஒரு திட்டம் உங்கள் வழியில் வந்தால்தான் வீடு. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் 40 வருஷம் ஓரமாக இருந்தால் யார் கணக்கிலும் வர மாட்டீர்கள்.

*வாடகைக்குப் போகலாமா?* வாடகை ஆப்பில் ராயபுரம், தண்டையார்பேட்டை என்று போட்டு ஒற்றை அறைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். அதோடு சென்னை வழக்கப்படி பல மாத அட்வான்ஸ். தினக்கூலிக் குடும்பத்தால் மாத வாடகையைக்கூட எப்படியோ புரட்டிவிட முடியும். அட்வான்ஸ்தான் சுவர். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, அண்ணா சாலையில் வேலை பார்ப்பவர்களும் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள். நமக்கு வசதி. அதே அறைக்குப் போட்டியும் கூடுகிறது.

தூரம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

'அரசு வீடு கொடுத்தா போக வேண்டியதுதானே?' இந்தக் கேள்வியை கமென்ட்டில் அடிக்கடி பார்க்கிறோம். பதில் சொல்ல ஒரு மேப் போதும்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வாரியம் கட்டிய பெரிய குடியிருப்புகள் எல்லாம் நகரின் தெற்கு எல்லையில். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. காரணம் எளிது. அங்கே அரசுக்கு மொத்தமாக நிலம் இருந்தது, விலை குறைவு.

காசிமேட்டிலிருந்து பெரும்பாக்கம் 30 கிலோமீட்டருக்கு மேல். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். நம் உதாரணக் குடும்பத்து அக்கா அந்த நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? அந்த நேரத்தில் எந்த பஸ்? ஷேர் ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் அதிலேயே போகும். அவருடைய வாடிக்கையாளர்கள் ராயபுரம், மண்ணடித் தெருக்களில். அங்கே அவருக்குக் கடன் சொல்லி மீன் தர ஏலக்காரர் இருக்கிறார். அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பக்கத்துப் பாய் அம்மா இருக்கிறார். புது இடத்தில் வீடு கிடைக்கும், இவை எதுவும் கிடைக்காது.

அதனால்தான் ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்ப நடைபாதைக்கே வந்தவர்கள் பற்றிய செய்திகளை இத்தனை வருடமாகப் படிக்கிறோம். 'வித்துட்டு வந்துட்டாங்க' என்று நாம் கோபப்படுகிறோம். வேலைக்குப் போக முடியாத இடத்தில் இருக்கும் வீட்டை வைத்து வேறு என்ன செய்வது என்பதுதான் அவர்களின் கணக்கு.

2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவம் கரையோர வீடுகள் இடிக்கப்பட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவை வெளியிட்டது. முடிந்தவரை அதே இடத்தில் வீடு, முடியாவிட்டால் பயணத்தூரம் குறைவாக இருக்கும் இடத்தில் வீடு என்பதே அதன் அடிப்படை. ஐம்பது வருடத்துக்கு முன்பு வாரியம் தொடங்கியபோதும் இதேதான் யோசனை. இருக்கும் இடத்திலேயே மாடி வீடு. நடுவில் நாம் பாதை மாறிப் போனோம்.

சட்டம் யார் பக்கம்?

பலர் நினைப்பதைவிட சட்டம் ஏழைகளுக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கிறது. பயன்பாட்டில்தான் ஓட்டை.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து யாரையும் வெளியேற்றும் நடவடிக்கை எடுக்க முடியாது. இது பெரிய பாதுகாப்பு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் புதிதாக அறிவிப்பே இல்லை. ஊர் பெருகிக்கொண்டே போனது, பட்டியல் அங்கேயே நின்றது. பட்டியலில் இல்லாத பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் இருந்தும் இல்லாதது மாதிரி.

இதன் எடை புரிய ஒரு எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 13 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். பத்தில் கிட்டத்தட்ட மூன்று பேர்.

நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதே நேரத்தில் நடைபாதையில் நிரந்தரமாக இருக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றும், ஆனால் முறையான நோட்டீஸ் இல்லாமல் அகற்றக் கூடாது என்றும் சொன்னது. அதே காலகட்டத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காகவும் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொடுத்தவர் வழக்கறிஞர் கே.சந்துரு. ஆமாம், பின்னாளில் நீதிபதியான, 'ஜெய் பீம்' படத்தில் சூர்யா நடித்த பாத்திரத்துக்கு அடிப்படையான அதே சந்துருதான்.

காப்பகம் பற்றிய விதி இன்னும் நேரடியானது. உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின்படி, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும். 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் இதே அளவைத்தான் வைத்தது. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 66 லட்சத்துக்கு மேல். அப்படியென்றால் குறைந்தது 66 காப்பகங்கள். நாட்டின் மற்ற பல நகரங்களைவிட சென்னை இதில் பரவாயில்லை என்றாலும், அந்த 66ஐ எட்டவில்லை. மக்கள்தொகை 2011இலேயே நின்றுவிடவும் இல்லை.

கட்டின வீடு ஏன் இடிகிறது?

திருவொற்றியூருக்குத் திரும்புவோம். கட்டடம் விழுந்த பிறகு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அறிவிக்கப்பட்டன. சில மாதங்களுக்கு முன்புதான், 2021 ஆகஸ்ட்டில், புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிரும் வீடியோக்கள் வைரலாகி, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டிய நிலை வந்தது. ஒன்று பழைய கட்டடம், இன்னொன்று புத்தம் புதுசு. இரண்டும் ஒரே வருடத்தில்.

பழைய பிளாக்குகள் சீக்கிரம் நோயாளி ஆவதற்கு வட சென்னையில் காரணங்கள் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று. அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். 200 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டிய வீட்டில் இரண்டு, மூன்று தலைமுறைகள். கசியும் குழாய், அடைத்த கழிவுநீர். இதையெல்லாம் யார் சரிசெய்வது?

இங்கேதான் பத்திரம் பற்றிய கேள்வி வருகிறது. பல குடியிருப்புகளில் மக்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும். தவணை கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் வராதவர்கள் ஏராளம். நிலம் வேறு துறையின் பெயரில் இருந்து வாரியத்தின் பெயருக்கே மாறாமல் கிடப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வீடு சட்டப்படி யாருடையது என்பதே தெளிவில்லாதபோது, மொட்டை மாடி ஒழுகினால் யார் காசு போடுவது? மக்கள் வாரியத்தைக் கை காட்டுகிறார்கள். வாரியம் 'குடியிருப்போர் பொறுப்பு' என்கிறது. நடுவில் கம்பி துருப்பிடிக்கிறது.

2021க்குப் பிறகு இதில் சில மாற்றங்கள் வந்தன. 'நம் குடியிருப்பு, நம் பொறுப்பு' என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்கு போடுகிறது. சிதிலமடைந்த 15,000 வீடுகளை ரூ.2,400 கோடியில் மறுகட்டுமானம் செய்யும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. புதிய வீடுகள் சுமார் 400 சதுர அடி. பழைய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம்தான்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

மேலே சொன்ன எண்களை வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு அரசு ஒதுக்குவது சராசரியாக 16 லட்சம் ரூபாய்.

பழைய பிளாக்கை இடிக்கும்போது குடும்பங்கள் வெளியே போய் வாடகைக்கு இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு ஒரு கருணைத் தொகை உண்டு. முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, 24,000 ஆக உயர்த்தப்பட்டது. மூன்று மடங்கு உயர்வு, நல்ல விஷயம். ஆனால் இது மாதத் தொகை அல்ல, மொத்தத் தொகை. கட்டி முடிக்க ஒன்றரை வருடம் என்று வைத்தால் மாதம் 1,333 ரூபாய். இரண்டு வருடம் ஆனால் 1,000. வட சென்னையில் இந்தக் காசுக்கு அறை கிடைக்குமா?

16 லட்சம் செலவு செய்யும் திட்டத்தில் இடைக்கால வாடகைக்குப் போவது ஒன்றரை சதவீதம். அந்த ஒன்றரை சதவீதத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அல்லது சொந்தக்காரர் வீட்டில் ஒண்டுகிறார்கள். அதுவும் முடியாதவர்கள் இடித்த இடத்துக்கு எதிரிலேயே ஷீட் போட்டு இருக்கிறார்கள். அதாவது, வீடு கொடுக்கும் திட்டமே சிலரைக் கொஞ்ச காலம் வீடற்றவர்கள் ஆக்குகிறது.

அடுத்து, பயனாளி பங்களிப்பு. கே.பி.பார்க்கில் ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு சிறு பங்குதான். நம்மைப் போல பேங்க் ஸ்டேட்மென்ட், பே ஸ்லிப் உள்ளவர்களுக்கு அது ஒரு பர்சனல் லோன். மூட்டை தூக்கும் அண்ணனுக்கு எந்த பேங்க் கொடுக்கும்? முன்பு அதே இடத்தில் வீடு இருந்தவர்களிடம் ஏன் மறுபடியும் பணம் என்பது அவர்களின் கேள்வி. பங்களிப்பு இல்லாமல் இவ்வளவு வீடுகள் கட்ட முடியாது என்பது அரசின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தவணையாகக் கட்டும் எளிய வழி இல்லாவிட்டால், அந்த 1.5 லட்சம் கந்துவட்டிக்காரரின் வாடிக்கையாளர் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

அப்போ இங்கேயே கட்டினா எல்லாம் சரியா?

'இருக்கும் இடத்திலேயே வீடு' என்பது சரியான கொள்கை. ஆனால் வட சென்னையில் அதற்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. இருக்கும் இடம் எது என்பதுதான் அது.

2004 சுனாமியில் வீடிழந்த இந்தக் கரையோர மீனவக் குடும்பங்கள் கார்கில் நகர் தற்காலிகக் குடில்களில் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. பிறகு எர்ணாவூரில் சுனாமி குடியிருப்புகள் எழுந்தன. கடலை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை என்பது அவர்களுக்கு நிம்மதி. ஆனால் சுற்றிலும் எண்ணூர், மணலி தொழிற்சாலைகள், சாம்பல், கன்டெய்னர் லாரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

கடலும் சும்மா இல்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. நகரம் முழுக்க காற்று வாங்கும் மெரினாவின் அகலமும், ராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கடல் தின்ற தெருக்களும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

அதனால் இங்கே தேர்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வேலைக்குப் பக்கத்தில், விஷக்காற்றோடு. அல்லது 30 கிலோமீட்டர் தள்ளி, வேலை இல்லாமல். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியைத் தேடுவதுதான் திட்டமிடுதல் என்பதன் பொருள்.

அந்தத் தேடலில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பு ரூ.4,181 கோடி. பிறகு அது மேலும் விரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், வால்டாக்ஸ் சாலையிலேயே சுமார் 130 கோடி ரூபாயில் 700க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரும்பாக்கத்தில் அல்ல, வால்டாக்ஸ் சாலையில். நடைபாதையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு சாத்தியம் என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற சாலைகளுக்கும் இது பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி.

மற்ற ஊர்களில் எப்படி?

பிரிட்டனில் 1977இலேயே ஒரு சட்டம் வந்தது. வீடிழந்த குடும்பம் உள்ளாட்சி மன்றத்தின் கதவைத் தட்டினால், தகுதி இருந்தால் தங்குமிடம் ஏற்பாடு செய்வது அந்த மன்றத்தின் சட்டக் கடமை. அங்கேயும் வீடு போதவில்லை, தற்காலிக விடுதிகளில் வருடக்கணக்கில் கிடக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. யாரைக் கேட்பது என்று தெரியும். மறுத்தால் நீதிமன்றம் போகலாம்.

பின்லாந்து 2008 முதல் வேறு வழியில் போகிறது. 'முதலில் குடியை விடு, வேலையைத் தேடு, அப்புறம் வீடு' என்பதற்குப் பதிலாக முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. நீண்டகால வீடின்மை அங்கே கணிசமாகக் குறைந்தது.

இரண்டும் பணக்கார நாடுகள், நம் எண்ணிக்கை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். நடைபாதைக் குடும்பங்களைச் சரியாக எண்ணுவதே கடினம் என்பதால் உண்மை இதைவிட அதிகம் என்று களத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்த நாடுகளிடமிருந்து பணம் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஒரே கதவு. ஒரே பட்டியல். ஒருவருக்குப் பொறுப்பு.

நாம் என்ன கேட்கலாம்?

மாமன்றத்தால் வீடு கட்ட முடியாது என்பதற்காக அது கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை. மாநகராட்சி கையிலேயே இருக்கும் சில விஷயங்கள்:

- குடும்பமாகத் தங்கும் காப்பகங்களை பிராட்வே, ராயபுரம் பக்கத்தில் திறப்பது. பள்ளிக்குப் பக்கத்தில், பொருட்களை வைக்கப் பெட்டியுடன்.
- வார்டு வாரியாக வீடற்றோர் கணக்கெடுப்பை இரவில் நடத்தி, பட்டியலை வாரியத்துக்குக் கொடுப்பது. வாக்காளர் பட்டியலுக்கு ஏற்கெனவே இந்த முறை இருக்கிறது. முகவரி இல்லாதவர் விண்ணப்பித்தால், தேர்தல் ஊழியர் இரவில் அவர் படுக்கும் இடத்துக்கே போய் உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. ஓட்டுக்காக முடிவது வீட்டுக்காக முடியாதா?
- மறுகட்டுமானத்துக்கு இடிக்கும் முன், இடைக்காலத் தங்குமிடத்தைத் தயார் செய்வது. பயன்படாமல் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடங்கள் ஒவ்வொரு மண்டலத்திலும் உண்டு.
- பழைய வாரிய பிளாக்குகளின் உறுதித்தன்மை ஆய்வு முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்டிவைப்பது. திருவொற்றியூரில் மக்களைக் காப்பாற்றியது அவர்களே பார்த்த விரிசல். அடுத்த முறை அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம்.

வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று இப்போது சட்டப்படி மேடைகள் இருக்கின்றன. நாம் அங்கே போனால் பெரும்பாலும் தெருவிளக்கு, பள்ளம், குப்பை பற்றித்தான் பேசுகிறோம். அதுவும் வேண்டும். கூடவே 'நம்ம வார்டுல நைட்டு ரோட்டுல எத்தனை பேர் படுக்கிறாங்க, அவங்க பேர் எந்த லிஸ்ட்ல இருக்கு?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஆதரவில்லாமல் யாரையாவது பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம்.

நம் உதாரணக் குடும்பம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விடிவதற்கு முன் அக்கா காசிமேட்டுக்குக் கிளம்ப வேண்டும். பொண்ணுக்குக் காலையில் ஸ்கூல். நான்கு கதவுகளையும் தட்டியாயிற்று. ஒவ்வொரு கதவிலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: 'இது எங்க வேலை இல்லை, அடுத்த ஆபீஸ்ல கேளுங்க.' சட்டப்படி பார்த்தால் அந்த நான்கு பதில்களும் சரி. வட சென்னையின் குடியிருப்புச் சிக்கலே அதுதான்.